காணாத உட்சுவர்: கைவினையும் அறமும் பற்றிய ஒரு சிந்தனை

எவரும் காணாத இடத்திலும் மனிதன் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டுமா, வேண்டுமெனின் அது எதன் பொருட்டு என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். மெய்யியல் பயிலும் மாணவர் இவ்வினாவைப் பெரும்பாலும் பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியிலேயே முதன்முதலாக எதிர்கொள்கின்றனர். அங்கு கிளௌக்கோன் ஒரு கதை கூறுகின்றான். லிடிய நாட்டு இடையன் ஒருவன் ஒரு மோதிரத்தைப் பெறுகின்றான். அதன் குமிழை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குப் புலனாகான். அவ்வாற்றலைக் கொண்டு அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றுகின்றான். இத்தகைய மோதிரம் நீதிமானிடம் ஒன்றும் அநீதியாளனிடம் ஒன்றுமாக இருப்பின், அவ்விருவர் செயலும் வேறுபடுமா என்பதே கிளௌக்கோனின் வினா.

நானும் இவ்வினாவை முதலில் நூலிலேதான் கண்டேன். பரீட்சையில் விடையும் எழுதினேன். ஆயின் அது என்னைத் தொடும் வினாவாக மாறியது பல ஆண்டுகளின் பின்னர், மரங்கடையும் பட்டறை ஒன்றிலே, சிறிய மரக்குடம் ஒன்றின் முன்னிலையிலேயாகும். அவ்வனுபவத்தை அடியாகக் கொண்டு இவ்வினாவை மீண்டும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அத்தொழிலைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். சுழலும் மரத்தின்மீது உளியை வைத்து உருவமைப்பதைக் கடைதல் என்கின்றோம். மோர் கடைவதற்கும் மரங் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல்லே வழங்குகின்றது. கயிற்றை மாறிமாறி இழுத்துச் சுழற்றும் பழைய முறை இரண்டுக்கும் பொதுவானது என்பதை நினைத்தால் அதன் பொருத்தம் விளங்கும். மேசைக்கால், கட்டிற்கால், பம்பரம் ஆகியன கடைதலால் மட்டுமே அமைவன. சிமிழ், செப்பு, குடம் போன்றவற்றுக்கோ கடைதலோடு குடைதலும் வேண்டும். கடைதல் புறத்தைப் பற்றியது. குடைதல் அகத்தைப் பற்றியது. ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்பதைக் கற்கப் புகுந்த பின்னரே உணர்ந்தேன்.

விடுமுறை நாள்களில் நான் சென்று பழகிய பட்டறை யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் இருந்தது. அதனை நடத்தியவர் எழுபது வயதை அண்மித்த ஓடாவியார் ஒருவர். கட்டிற்கால் கடைவதே அவருடைய வருவாய். வேலியில் வெட்டிய பூவரசங் கட்டைகளிற் சிறு குடங்களைக் குடைந்தெடுப்பது ஓய்வு வேளைகளில் அவர் விரும்பிச் செய்த வேலை.

குடம் குடைவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் கட்டையின் புறவடிவம் கடையப்படும். பின்னர் அதன் அடிப்புறத்தை இயந்திரத்தின் இரும்புப் பிடி கவ்விக்கொள்ள, வாய்ப்புறத்திலிருந்து நடுவே ஒரு துளையிட்டு ஆழத்தை நிர்ணயிப்பர். அத்துளையிலிருந்து வெளிநோக்கி மரம் சிறிது சிறிதாக அகற்றப்படும். வாயை அடுத்த சுவரை முற்றாக முடித்த பின்னரே கீழே இறங்க வேண்டும். கீழுள்ள தடித்த மரம் அதுவரை தாங்குதலாக நிற்க வேண்டும். சுவர் மெலிந்து அதிரத் தொடங்கிய பின்னர் மேலே திரும்பிவந்து திருத்துதல் அரிது. உளியைத் தாங்கும் சட்டம் குடத்துக்கு வெளியே நிற்கின்றது. உளியின் நுனியோ ஆழஞ் செல்லச் செல்ல அதற்கு அப்பால் நீண்டுகொண்டே போகின்றது. நீளும் ஒவ்வொரு விரற்கடையும் நுனியிற் படும் அடியைக் கைக்குப் பெருக்கித் தருகின்றது. சீவல்கள் உள்ளே அடைந்துகொள்ளும். அடிக்கடி நிறுத்தி அவற்றை அகற்றாவிடின் உளி இறுகிக் குடம் உடையும்.

அகன்ற கிண்ணமாயின் இவற்றையெல்லாம் கண்ணாற் பார்த்தே செய்துவிடலாம். வாய் சிறுத்து வயிறு பருத்த குடத்திலோ உளி வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்கக் கடைசற் கலைஞரான டேவிட் எல்ஸ்வேர்த் 1970களில், வளைந்த உளிகளைச் சிறு வாயினூடாகச் செலுத்தி மிக மெல்லிய சுவருடைய கலங்களைக் குடையும் முறையை வளர்த்தெடுத்தார். அவ்வகைக் கலத்தை ஆக்குபவன் தான் செய்வதைத் தானே காணாமற் செய்கின்றான். கையில் ஏறும் அதிர்வும் காதில் விழும் ஒலியுமே அவனுக்குத் துணை. நான் குனிந்து குடத்தின் வாயினுள் நோக்க முயன்ற முதல்நாள் ஓடாவியார் கூறியது இன்றும் நினைவில் உள்ளது: "எட்டிப் பாராதையும் தம்பி, அங்கை ஒண்டும் தெரியாது. சத்தத்தைக் கேளும். மாறினால் நிப்பாட்டும். நிப்பாட்டி அளந்து பாரும்." அவர் எனக்குக் கற்பித்த கோட்பாடு முழுவதும் இவ்வளவே.

என் கையால் ஓரளவு ஒழுங்காக அமைந்து வந்த முதற் குடத்தை, எனக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் ஓய்வுபெறும் வேளையில் அவருக்குப் பரிசளிக்க எண்ணியிருந்தேன். பிரியாவிடைக் கூட்டத்துக்கு இரண்டு நாள்களே இருந்தன. நன்கு உலர்ந்த கட்டை. புறவடிவமும் விரும்பியவாறே வந்திருந்தது. அடிப்பகுதியைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒலி மாறியது. மாறியதைக் கேட்டேன். கேட்டும் நிறுத்தவில்லை. சீவல் அடைந்ததால் எழுந்த ஓசையாக இருக்கலாம் என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். சில கணங்களில் உளி கொளுவிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்திக் கம்பியொன்றை விட்டுத் தடவியபோது உட்சுவரில் ஆழமான பள்ளம் தட்டுப்பட்டது. அளந்தேன். ஐந்து மில்லிமீற்றர் இருக்கவேண்டிய சுவர் அவ்விடத்தில் இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. புறத்திலோ எவ்வித வடுவும் இல்லை.

ஓடாவியார் அன்று பட்டறையில் இல்லை. மரத்தூளைப் பசையிற் குழைத்து, ஒரு குச்சியின் நுனியால் அப்பள்ளத்தை நிரப்பினேன். குடத்தின் வாய் மூன்று சென்ரிமீற்றர் அகலமே. உள்ளே நோக்குவோருக்கு இருள் மட்டுமே தெரியும். புறத்தை நன்கு மெருகிட்டேன். கூட்டத்திற் குடம் கைமாறிக் கைமாறிச் சென்றது. பலரும் பாராட்டினர். கிளௌக்கோனின் மோதிரம் அன்று என் விரலில் இருந்தது.

நான் செய்தது பிழையெனின், அது எதனாற் பிழையாகின்றது? இதற்கு எளிதிற் கூறத்தக்க விடை, மறைத்தது என்றாவது வெளிப்படும் என்பதாகும். கடைசற் தொழிலில் இவ்விடைக்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஈரமரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதிலும் ஏறக்குறைய இருமடங்காகும். சுவர் எங்கும் ஒரே மென்மையாக இருப்பின் குடம் சிறிது கோணினும் வெடிப்பதில்லை. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருப்பின் ஒரு பகுதி விரைவாகவும் மறுபகுதி தாமதமாகவும் உலர, இழுவிசை தாங்காது வெடிக்கின்றது. கையில் எடுத்தமாத்திரத்திலேயே சுவரின் சீரின்மையை எடையால் அறியும் பழகிய கைகளும் உண்டு. ஆயினும் இவ்விடை அறத்தைப் பற்றியதன்று, முன்னெச்சரிக்கையைப் பற்றியது. என் கட்டை முன்னரே உலர்ந்தது. நிரப்பிய பசை வலியது. அக்குடம் இன்றுவரை வெடிக்கவில்லை. வெளிப்படும் என்னும் அச்சமே நேர்மைக்குக் காரணமாயின், வெளிப்படாத இடத்தில் நேர்மைக்குக் காரணம் ஏதுமில்லை என்றாகிவிடும்.

பெற்றுக்கொண்டவரை ஏமாற்றியதே பிழை என்பது இரண்டாவது விடை. இது முன்னையதிலும் வலியது. இதனை நான் மறுக்கவில்லை. எனினும் அவர் விரும்பியது மாணவன் ஒருவன் தன் கையாற் செய்த நினைவுப்பொருளை. அது அவருக்குக் கிடைத்தது. அவர் அடைந்த இழப்பை எண்ணிக் கணக்கிடப் புகுந்தால் கணக்கு மிகச் சிறிதாகவே வரும். ஆனால் என் மனத்தை உறுத்தியது அவ்வளவு சிறிதாக இருக்கவில்லை. ஆகவே வேறொன்றையும் தேட வேண்டியுள்ளது.

ஈண்டு டேவிட் பை என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளரின் கருத்தொன்று துணைசெய்யும். மரக்கலங்களைத் தம் கையாலும் ஆக்கிய அவர், 1968 இல் வெளிவந்த வேலைப்பாடு பற்றிய நூலில் இருவகை வேலைகளை வேறுபடுத்திக் காட்டினார். விளைவு முன்னரே உறுதிசெய்யப்பட்ட வேலை ஒன்று. அச்சியந்திரத்தின் வேலை அதற்கு உதாரணம். செய்துகொண்டிருக்கும் ஒவ்வொரு கணத்திலும் கெட்டுப்போகக்கூடிய வேலை மற்றொன்று. பேனாவால் எழுதுவது அதற்கு உதாரணம். பின்னையதில் விளைவின் தரம் செய்பவனின் கணிப்பிலும் கவனத்திலும் கைத்திறனிலும் தங்கியுள்ளது. காணாத உட்சுவரைக் குடைதல் இவ்விரண்டாம் வகையின் உச்சநிலை எனலாம். அங்கு கவனம் தளர்வது வேலையின் நடுவே நிகழும் ஒரு செயல். அதனை அறியக்கூடியவன் செய்பவன் ஒருவனே.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். தொழில்திறன் வேறு, அறம் வேறு என்பதை அரிஸ்டோட்டிலே வற்புறுத்தியிருக்கின்றார். கைவினையில் ஆக்கப்பட்ட பொருள் நன்றாயிருத்தல் போதும். அறச்செயலிலோ செய்பவன் எத்தகைய மனநிலையிற் செய்தான் என்பதும் கருதப்படும். நல்ல கலைஞர் தீய மனிதராக இருத்தலும் உலகறிந்ததே. தடை வலியதுதான். ஆனால் அதே அரிஸ்டோட்டில், வீடு கட்டியே கட்டிடவினைஞர் ஆகின்றோம் என்று கூறுமிடத்து, நன்றாகக் கட்டுவதால் நல்ல வினைஞரும் தீதாகக் கட்டுவதால் தீய வினைஞரும் உருவாகின்றனர் என்பதையும் சேர்த்தே கூறுகின்றார். பழக்கம் இரு திசைகளிலும் செல்லவல்லது. என் வினாவுக்கான விடையை நான் கண்டது இவ்விடத்திலேதான்.

அன்று நான் கூறிய பொய்கள் இரண்டு. விரிவுரையாளரிடம் வாய்திறவாமற் கூறியது ஒன்று. அதற்கு முன்னர், ஒலி மாறிய கணத்தில், எனக்கு நானே கூறியது மற்றொன்று. முதலாவது பொய்யை வேண்டியதாக்கியது இரண்டாவதே. உட்சுவரைக் குடைபவனுக்குக் கண் இல்லை. தன் காதும் கையும் தரும் சாட்சியத்தை விட்டால் அவனுக்கு வேறு அறிவு இல்லை. 'நிறுத்தி அளந்து பார்' என்பது 'எனக்குத் தெரியவில்லை' என்று தன்னிடமே ஒப்புக்கொள்ளுதலாகும். அந்த ஒப்புதலை மறுப்பவன் பிழை செய்வதோடு நின்றுவிடுவதில்லை. அறியும் கருவியையே பழுதாக்கிக்கொள்கின்றான். இதனை நான் அனுபவத்திற் கண்டேன். அதன்பின் நான் குடைந்த இரு குடங்களும் சுவர் துளைபட்டு அழிந்தன. இரண்டிலும் ஒலி மாறியது. இரண்டிலும் அதற்கு ஒரு சமாதானம் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. என் காது கேளாமற் போகவில்லை. கேட்டதைப் பொருட்படுத்தாதிருக்க அதனை நானே பழக்கியிருந்தேன்.

எனவே கிளௌக்கோனின் மோதிரத்தைப் பற்றி நான் கூறத் துணிவது இது: மோதிரம் நம்மைப் பிறரிடமிருந்து மறைக்கும், நம்மை நம்மிடமிருந்து மறைக்கவேண்டுமாயின் நம் அறிவின் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்தே ஆகவேண்டும். காணாத இடத்தில் உண்மையை அறிவதும் உண்மையாக நடப்பதும் இரு வேறு செயல்கள் அல்ல.

இவ்வாதத்தின் எல்லையையும் மறைத்தல் தகாது. தன் குடம் எங்கே மெலிந்துள்ளது என்பதைத் துல்லியமாக அறிந்துகொண்டே பிறரை ஏமாற்றும் விற்பனன் ஒருவன் இருக்கலாம். தமிழில் அத்தகையோனுக்குக் 'கடைந்தெடுத்த' என்னும் அடைமொழியே உண்டு. அவன் தன்னிடம் பொய் கூறவில்லை. ஆதலால் அவன் கை பழுதுபடாது. அவனை மறுக்கப் பிறருக்கு நாம் கொண்டுள்ள கடமை பற்றிய வேறு நியாயம் வேண்டும். ஆயின் நம்மிற் பெரும்பாலோர் அவ்வளவு தெளிவுடைய வஞ்சகர் அல்லர். பிறரை ஏமாற்றுவதற்கு முன்னர், அது எளிதாகும்பொருட்டு, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கின்றோம்.

கருவிகள் பெருகிய இக்காலத்தில் இவ்வினா பொருளிழந்துவிட்டதன்றோ என்று சிலர் கேட்கலாம். உளியின் நுனி உள்ளே எங்கு நிற்கின்றது என்பதை வெளியிலேயே காட்டும் லேசர் ஒளியும் சிறு கமராவும் இன்று பயன்படுகின்றன. அவை வரவேற்கத்தக்கவையே, கண்ணின்றி வேலை செய்வதில் தனிப்பெருமை எதுவும் இல்லை. ஆயினும் அன்று எனக்குக் கருவி இல்லாமற் போகவில்லை. அளக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்திற் சுவரிலே தொங்கியது. அதனை எடுக்க நான் விரும்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் வாழும் நமக்கு இது அயலார் தொழில் பற்றிய செய்தியன்று. படியாத நூலை மேற்கோள் காட்டும் ஆய்வேட்டுக்கும், பொருந்தாத தரவை நீக்கிவிட்டு வரையப்படும் அட்டவணைக்கும், ஐயம் எழுந்த இடத்தைச் சொல்லலங்காரத்தால் நிரப்பும் கட்டுரைக்கும் உட்சுவர் உண்டு. ஆண்டுதோறும் அதே குறிப்பை வாசிக்கும் விரிவுரைக்கும் உண்டு. பரீட்சகர் காண்பது புறவடிவத்தை. ஒலி மாறிய கணம் எதுவென்பது எழுதியவருக்கே தெரியும். அக்கணத்தில் நிறுத்தாது சென்றவர் புள்ளிகளைப் பெறலாம், பட்டத்தையும் பெறலாம். ஆனால் அடுத்த ஐயத்தைக் கேட்கும் காதைச் சிறிது இழந்திருப்பார்.

நான்கு ஆண்டுகளின் பின்னர் அவ்விரிவுரையாளரின் இல்லத்துக்குச் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் குடத்தைக் கையில் எடுத்து, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அவ்விடத்தை ஒருமுறை விரலாற் தடவிவிட்டு, முன்னர் இருந்த இடத்திலேயே அதனை வைத்தார். அவருக்கு வேறொரு குடம் செய்து கொடுப்பதாகக் கூறி வந்துள்ளேன். இதுவரை இரண்டு தொடங்கினேன். ஒன்று உடைந்துவிட்டது. மற்றையதில் நேற்று ஒலி மாறியது, நிறுத்தி அளந்தேன். சுவர் ஏழு மில்லிமீற்றர் இருந்தது. அஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அளக்காமல் அதனை நான் அறிந்திருக்க முடியாது.