கறையும் திரையும்

சனிக்கிழமை மாலைதோறும் ஞாயிறு திருப்பலிக்கு வேண்டிய வெண்ணங்கியையும் பீடத் துகில்களையும் தேய்த்து மடித்து வைப்பது எந்தப் பங்கிலும் உள்ள வழக்கம். முன்பெல்லாம் நம் பங்கில் இவ்வேலையைச் செய்து தந்தவர் கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி வைத்திருந்த ஒரு முதியவர். கொட்டாங்கச்சிக் கரி கனலும் கனத்த பித்தளைப் பெட்டி ஒன்றே அவருடைய முதலீடு. கண்பார்வை மங்கி அவர் மகன் வீட்டோடு போய்விட்ட பின்னர், பங்கு இல்லத்துக்கு மின்சாரத்தால் இயங்கும் நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அன்று முதல் அப்பணி நம் கைக்கு வந்தது. ஐம்பது வயதைக் கடந்த பின் கற்றுக்கொண்ட இவ்வேலை, குருத்துவக் கல்லூரியில் நாம் படித்துத் தேறியதாக எண்ணியிருந்த அறநெறிப் பாடம் ஒன்றை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வைத்தது.

பிறரைத் திருத்தும் கடமை நமக்கு உண்டா, உண்டெனில் எவ்வாறு திருத்துவது என்பதே அப்பாடம். இது குருக்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், மாணவரை நடத்தும் ஆசிரியர், தொழிலாளரை மேற்பார்க்கும் முதலாளி, மருமகளோடு ஒரே அடுப்படியில் நிற்கும் மாமியார் என யாவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி.

அந்த முதியவர் தம் தொழிலைப் பற்றி நம்மிடம் மூன்று செய்திகளைச் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது அவை துணியைப் பற்றியவை என்றே எண்ணினோம்.

முதலாவது, காய்ந்த துணியை அழுத்தித் தேய்க்கக் கூடாது. நீர் தெளித்துச் சுருட்டி வைத்து, ஈரம் உள்ளே இறங்கிய பின்னரே பெட்டியை வைக்க வேண்டும். இதன் காரணத்தை வேதியியல் அறிந்தோர் விளக்குகின்றனர். பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. துணி கசங்கிய நிலையில் அப்பிணைப்புகள் அமைந்துவிட்டால் அக்கசங்கலே அதன் உருவமாகிவிடுகிறது. நீர் உள்ளே புகுந்து அப்பிணைப்புகளைத் தளர்த்துகிறது. வெப்பம் இழைகளை நெகிழ வைக்கிறது. ஈரம் ஆவியாகிப் போகும்போது புதிய பிணைப்புகள் சமமான நிலையில் அமைகின்றன. ஆக, சுருக்கத்தை நீக்குவது கையின் பலம் மட்டும் அன்று. ஈரமின்றி வெப்பத்தை மட்டும் கூட்டினால் சுருக்கம் நீங்கு முன்னரே துணி கருகிவிடும். 1882-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து ஹென்றி சீலி மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நீராவியையும் தானே தரும் பெட்டிகள் அதற்குப் பல்லாண்டுகள் கழித்தே வந்தன. வெப்பத்தைத் தருவதற்கு மனிதன் விரைவில் வழி கண்டான். வெப்பத்தோடு ஈரத்தையும் சேர்த்துத் தரும் வழி பிந்தியே வந்தது.

நம் வாழ்விலும் இவ்வாறே நேர்ந்தது. நாமக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பள்ளிபாளையமும் குமாரபாளையமும் விசைத்தறிகளின் ஊர்கள் என்பதை வாசகர் அறிவர். அத்தகைய தறிப்பட்டறை ஒன்றில் வேலை செய்த ஒருவர், நாம் முன்பு இருந்த பங்கில் ஞாயிறு முதல் பூசைக்கு வருவார். கடைசி வரிசையில் நிற்பார். சட்டை கசங்கியிருக்கும், மறையுரையின்போது கண் அயர்ந்துவிடுவார். ஒரு ஞாயிறன்று பூசை முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில், பலர் முன்னிலையில் நாம் அவரைக் கேட்டோம்: "ஆண்டவர் இல்லத்துக்கு வரும்போதாவது ஒரு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வரக்கூடாதா? தூங்குவதற்கு வீடு இல்லையா?" சிலர் சிரித்தனர். அவர் தலைகுனிந்து சென்றார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இரண்டு மாதங்கள் சென்ற பின் அவருடைய மனைவி ஒரு சான்றிதழுக்காகப் பங்கு இல்லத்துக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. மகளின் படிப்புக்காகப் பட்டறையில் முன்பணம் வாங்கியிருந்தார். அதை அடைக்கும் வரை வேறு இடம் தேடிப் போக முடியாது. சனிக்கிழமை இரவு முழுவதும் தறி ஓட்டிவிட்டு, விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். நாம் உறக்கம் என்று கண்டது, அவர் தம் உறக்கத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த காணிக்கை. ஊராருக்கெல்லாம் துணி நெய்தவரின் சட்டை கசங்கியிருந்தது. அதைத்தான் நாம் குற்றமாகக் கண்டோம்.

பட்டறைக்கே சென்றோம். தறிகளின் இரைச்சலில் மன்னிப்புக் கேட்பதும் இயலாது. அவர் வெளியே வந்து, காதில் இருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க சாமி, இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வந்தீங்களா? என்ர சட்டையைப் பார்த்தா எனக்கே வெக்கமாத்தானுங்க இருந்துச்சு" என்றார். அவர் மறுபடியும் கோயிலுக்கு வந்தார். ஆனால் முதல் பூசைக்கு அன்று. அன்று சிரித்தவர்கள் வராத மாலைப் பூசைக்கு வந்தார்.

முதியவர் சொன்ன இரண்டாவது செய்தி இது: "கறை மேல பொட்டி வெக்கக் கூடாதுங்க சாமி. வெச்சா அப்புறம் எத்தனை தொவைச்சாலும் போகாதுங்க." கறைபட்ட துணி கைக்கு வந்தால் அவர் தேய்க்காமல் திருப்பித் தந்துவிடுவார். சூடு பட்டால் கறை இழைக்குள் நிலைத்துவிடும் என்பதே காரணம். மேற்பார்வைக்குத் துணி மொடமொடவென்று நேர்த்தியாக இருக்கும், கறையோ நிரந்தரமாகிவிடும்.

இங்கே தூய பவுல் நினைவுக்கு வருகிறார். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கிறிஸ்து தம் திருச்சபையைக் கறையும் திரையும் அற்றதாகத் தம்முன் நிறுத்த விரும்பினார் என்று அவர் எழுதுகிறார். திரை என்பதற்கு அவர் ஆண்ட கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. மணமகளின் முகத்தில் விழும் சுருக்கத்தையே அவர் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் அவளுடைய ஆடைக்கும் அது பொருந்தும். நம் சிந்தனைக்கு உரியது, அவர் இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுகிறார் என்பதாகும். அதற்கு முந்திய வசனத்திலேயே நீரினால் கழுவுதல் பேசப்படுகிறது. கறை வேறு, திரை வேறு. கறை கழுவப்பட வேண்டியது. திரை நனைத்து நீவப்பட வேண்டியது. பாவம் மனந்திரும்புதலைக் கேட்கிறது; வறுமையாலும் களைப்பாலும் துயரத்தாலும் கசங்கிய உள்ளமோ ஆறுதலைக் கேட்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும்போதுதான் திருத்துகிறவன் தீங்கு செய்கிறான்.

தறிக்காரரின் திரையைக் கறை என்று எண்ணினோம். அதே ஆண்டுகளில் அதற்கு நேர்மாறான தவறு ஒன்றையும் செய்தோம். கோயில் காரியங்களுக்குத் தாராளமாகக் கொடுத்த ஒரு பெரியவர், தம் தம்பியின் விதவை மனைவிக்கு உரிய நிலப் பங்கைத் தராமல் காலம் கடத்திவந்தார். அந்தப் பெண் நம்மிடம் வந்து அழுதார். "பொறுமையாக இரும்மா, குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினோம். அவரிடமோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருவிழா நன்றியுரையில் அவர் பெயரை வழக்கம்போல் வாசித்தோம். அமைதியைக் காத்ததாக எண்ணிக்கொண்டோம். உண்மையில் நாம் செய்தது கறை மேல் பெட்டியை வைத்ததே. நிலம் வேறொருவருக்கு விற்கப்பட்டது. பிறகு மனம் பொறாமல் அவரிடம் போய்ப் பேசினோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். அச்சொல் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டுமன்று, அந்தப் பெரியவருக்கும் நாம் அநீதி செய்திருந்தோம். திருந்துவதற்கு அவருக்கு இருந்த காலத்தைப் பறித்துக்கொண்டது நம் மௌனம்.

திருச்சபை முழுமையும் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றுவருகிறது. 1962 அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கிவைத்த திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான், கண்டிப்பைக் காட்டிலும் இரக்கம் என்னும் மருந்தையே திருச்சபை இக்காலத்தில் பயன்படுத்த விரும்புகிறது என்னும் கருத்தை உரைத்தார். 2018 ஆகஸ்ட் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் இறைமக்களுக்கு எழுதிய மடலிலோ, சிறுவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளில் திருச்சபை உரிய காலத்தில் செயல்படாமற்போனதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முதலாவது, திரையை எரிக்காதே என்கிறது. இரண்டாவது, கறையை மூடாதே என்கிறது. இரக்கம் என்பது கறையைக் கண்டும் காணாமல் விடுவதன்று. அவ்வாறு விடுவதன் சுமையைத் தாங்குபவர் என்றும் எளியவரே.

மூன்றாவது செய்தி: பெட்டியைப் பிறர் துணி மேல் வைக்கு முன், தன் பலகை மேல் கிடக்கும் ஈரப் பழந்துணியில் முதலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். இதன் பொருள் ஒரு பாஸ்கா சனிக்கிழமையன்று விளங்கிற்று. இரவுத் திருவிழிப்புக்கென்று வெளுத்து வைத்த வெண்ணங்கியின் மேல் பெட்டியை வைத்தோம். நீராவித் துளைகளிலிருந்து வெண்பொடியும் பழுப்புக் குழம்பும் பீறிட்டு மார்பின் மேல் சிதறின. அங்கியில் குறை ஒன்றும் இல்லை; பெட்டிக்குள் இருந்ததுதான் வெளியே வந்தது.

இது நம் மண்ணின் கதையும் ஆகும். சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் என்று மக்கள் அழைக்கும் மேக்னசைட் கிடைக்கிறது; சங்ககிரிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. இத்தகைய நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. பார்வைக்குத் தெளிந்த நீர்தான். குவளையில் ஊற்றினால் குறை தெரியாது. சூடேறும்போது கரைந்திருந்தவை படிந்து கல்லாகின்றன. பிறகு ஒருநாள் நீராவியோடு கிளம்பி, பிறருடைய வெள்ளைத் துணியில் விழுகின்றன.

நாம் சினந்து திருத்திய தருணங்களை எண்ணிப் பார்க்கலாம். தறிக்காரரிடம் பேசிய அன்று நம் சொல்லில் வெளிப்பட்டது ஆண்டவர் இல்லத்தின் மீதுள்ள பற்று மட்டும்தானா? நம் மறையுரையைக் கேளாமல் ஒருவர் உறங்குகிறாரே என்னும் புண்பட்ட பெருமையும் அதில் கரைந்திருந்தது. பெரியவரிடம் பேசாதிருந்தது பொறுமையா? நன்கொடை நின்றுவிடுமோ என்னும் அச்சமும் அதில் இருந்தது. குளிர்ந்திருந்தபோது இவை தெரியவில்லை. சூடு ஏறியபோதே தெரிந்தன. வீட்டில் பிள்ளையை அடிக்கும் தந்தை, அலுவலகத்தில் தமக்கு நேர்ந்த அவமானத்தை அல்லவா அப்பிள்ளையின் முதுகில் இறக்கிவைக்கிறார்?

அப்படியானால், உள்ளே கசடு உள்ள எவரும் பிறரைத் திருத்தலாகாதோ என்று வாசகர் கேட்கலாம். தூய தோமா அக்குவினாஸ் தம் இறையியல் பெருந்தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 33-ஆம் வினாவில் இதை ஆராய்கிறார். சகோதரனைத் திருத்துவது அன்பின் செயல், ஆன்ம நலனுக்கு இடும் பிச்சை என்பது அவர் முடிவு. தானும் பாவியாய் இருப்பவன் தாழ்மையோடு பிறனைத் திருத்தலாம் என்றும் அவர் ஒத்துக்கொள்கிறார். ஏனெனில் தாழ்மையுள்ளவன் தன்னை மேலே நிறுத்திக்கொண்டு பேசுவதில்லை. இருவரும் ஒரே தீர்ப்புக்கு உரியவர்கள் என்று அறிந்து பேசுகிறான். ஆகவே பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதைக் கழுவ வேண்டும். வினிகரும் நீரும் கலந்து ஊற்றிச் சூடாக்கினால் படிந்த சுண்ணம் கரைந்து வெளியேறும். அடிக்கடி செய்தால் எளிது, ஆண்டுக்கணக்கில் விட்டால் அரிது. ஒப்புரவு அருளடையாளத்தை நாம் அணுகும் முறையும் இதுவே அன்றோ? திருத்தப் போகுமுன் ஒருமுறை தன்னையே சோதித்துக்கொள்வது, அந்த முதியவர் தம் பழந்துணியில் பெட்டியை ஓட்டிப் பார்ப்பதைப் போன்றது.

இன்னொன்றும் உண்டு. ஆடைகளின் உள்ளே தைத்த சிறு துண்டில் பெட்டியின் படமும் அதற்குள் புள்ளிகளும் இருக்கும். மூன்று புள்ளி பருத்திக்கு, ஏறத்தாழ 200 பாகை. இரண்டு புள்ளி பட்டுக்கும் கம்பளிக்கும், ஏறத்தாழ 150. ஒரு புள்ளி நைலான் போன்றவற்றுக்கு, ஏறத்தாழ 110. சேலத்து வெண்பட்டு வேட்டிக்குப் பருத்தியின் சூட்டை வைப்பவர் உண்டோ? ஒரே வீட்டில் பிறந்த இரு பிள்ளைகளும் ஒரே சூட்டைத் தாங்குவதில்லை. நீதி யாவர்க்கும் ஒன்று. அதை உரைக்கும் வெப்பம் ஆளுக்கு ஆள் வேறு. துணிக்கு நாம் காட்டும் இக்கவனத்தை மனிதருக்குக் காட்டுகிறோமா?

இஸ்திரி என்னும் சொல், நீட்டுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். நம் ஊர் வழக்கிலோ தேய்த்தல் என்கிறோம். தேய்த்தலுக்கு இழைத்து அழித்தல் என்னும் பொருளும் உண்டு. நம் கையில் உள்ளவர் நிமிர்ந்து நீளுகிறாரா, நாளுக்கு நாள் தேய்கிறாரா என்பதைத் திருத்துகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பாஸ்கா இரவில் வேறு அங்கி இல்லாமையால், கறை படிந்த அங்கியின் மேலேயே திருவுடையை அணிந்து புதுத் தீயை மந்திரித்தோம். மக்கள் எவரும் கறையைக் காணவில்லை. நாம் அறிவோம், ஆண்டவரும் அறிவார். அதன்பின் சனிக்கிழமைதோறும் பெட்டியைச் சூடாக்கியதும் முதலில் பழந்துணி ஒன்றில் ஓட்டிப் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் விழுவதில்லை. சில நாட்களில் விழுகிறது. அன்று பெட்டியை அணைத்துவிட்டு முதலில் அதைக் கழுவுகிறோம்.