அட்டைக்காக எழுதும் கடிதம்

பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட அட்டையைத் தபாலில் அனுப்பி, அவர் கையெழுத்தோடு திரும்பப் பெறுவது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. உள்ளே அட்டை, முத்திரை ஒட்டிய மறு உறை, புகழ்ந்து நாலு வரி. மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் வானொலி நேயர்கள் சிலரிடம் இதை ஒத்த பழக்கம் உண்டு. எங்கோ இருக்கும் நிலையத்தைக் கேட்டு, கேட்ட விவரத்தை எழுதி அனுப்பினால், நிலையத்தார் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, கேட்டதை உறுதிப்படுத்தும் கியூஎஸ்எல் அட்டை அனுப்புவார்கள். சென்னையின் ஆர்டிக் டிஎக்ஸ் கிளப் போன்ற அமைப்புகள் இந்த ஆர்வத்தைத் தமிழர்களிடையே வளர்த்தன.

அட்டை சேர்ப்போர் இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையை நன்கு அறிவார்கள். புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில், 400 கிலோவாட் வலுவில், டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் வந்தன. மத்திய அலை இருட்டிய பின் வெகுதூரம் போகும். சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் 'அமெரிக்காவின் குரல்' சிற்றலை நிலையம் 2016 வரை இயங்கியது.

அட்டை மீது ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் அதற்காக எழுதும் கடிதத்தில் எதை எழுதலாம் என்பது யோசிக்க வேண்டியது. நல்ல அறிக்கை ஒன்று இப்படி இருக்கும்: தேதி, உலகப் பொதுநேரம், அலைவரிசை, முதலில் ஒரு பாடல், பிறகு பேச்சு, பேச்சின் பொருள், நடுவில் இரண்டு நிமிடம் ஒலி மங்கியது, அருகிலுள்ள அலைவரிசையின் இரைச்சல் இருந்தது. கடைசியில் சின்போ மதிப்பெண் 43433. ஐந்து இலக்கமும் முறையே ஒலி வலு, குறுக்கீடு, இரைச்சல், அலை பரவிய விதம், மொத்தத் தரம் ஆகியவற்றைச் சொல்லும். தன் அலை தொலைவில் எப்படி விழுகிறது என்பதை நிலையப் பொறியாளர் தன் இடத்தில் இருந்தபடி அறிய முடியாது. அவருக்கு 43433 பயன்படும். நிலையத்தைக் குளிர்விக்கப் போடும் முழு மதிப்பெண் 55555 அவரைத் தவறான வழியில் விடும்.

இதைவிடக் கனமான பொய் ஒன்று உண்டு. 'உங்கள் நிகழ்ச்சியைத் தினமும் தவறாமல் கேட்கிறேன், என் வாழ்வே மாறிவிட்டது' என்று ஒருநாள் மட்டும் கேட்டவர் எழுதுவது. கடிதம் கூடினால் சேவை பிழைக்கும், அதனால் யாருக்கு நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றதை நினைத்து ஏங்குவோருக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படும். ஆனால் சமய வானொலிக்கு வரும் கடிதங்களில் பிள்ளையை இழந்தவர் எழுதியது இருக்கும், கடனில் மூழ்கியவர் எழுதியது இருக்கும். அவற்றை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பதில் எழுதுகிறார். இல்லாத துயரத்தையும் இல்லாத விசுவாசத்தையும் அட்டைக்காக எழுதுகிறவர், அந்த மனிதரின் நேரத்தையும் இரக்கத்தையும் உண்மையாகத் தேவைப்பட்டவரிடமிருந்து பறிக்கிறார். இதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. 'நான் உங்கள் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன், அலை வந்த விதத்தை அறியத் தருகிறேன்' என்று முஸ்லிமோ இந்துவோ நேர்மையாக எழுதலாம். அறிக்கை சரியாக இருந்தால் அட்டை கேட்பதற்கு அதுவே போதுமான தகுதி.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் இருப்பதைப் போன்ற இணைய வானொலிப் பெட்டிகளைத் தன் வீட்டிலிருந்தே இயக்கிக் கேட்கலாம். அப்படிக் கேட்டதைத் தன் ஊரில் கேட்டதாக எழுதுவது பொய். எந்தப் பெட்டியில் கேட்டது என்று எழுதிவிட்டால், அட்டை தருவதும் தராததும் நிலையத்தின் விருப்பம்.

இரணவில அட்டைக்கு வந்தால் விஷயம் கடிதத்தின் உண்மையோடு முடிவதில்லை. அந்த நிலையத்தின் கதை நீண்டது. இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதவாறு மீளாய்வு செய்யப்படும் என்பது, 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களிலேயே இடம்பெற்றது. 1990களில் கரையோர மீனவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குருமாரும் நிலையத்தை எதிர்த்து நின்றார்கள். நிலம் போகும் என்ற கவலையும், வலுவான அலைகளால் உடல்நலம் கெடும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தன. அச்சம் எவ்வளவு சரி என்பது வேறு விவாதம். தங்கள் ஊரில் என்ன வர வேண்டும் என்று பேசும் உரிமை அவர்களுக்கு இருந்தது. எதிர்ப்பையும் மீறி நிலையம் எழுந்தது.

ஜப்பானிலோ மதுரையிலோ இருக்கும் சேகரிப்பாளருக்கு அதன் அட்டை, 'இலங்கை' என்ற பெட்டியை நிரப்பும் ஒன்று. நிலத்தை எடுத்தவர் அவர் அல்லர். அட்டை கேட்டதால் அவர் அந்த முடிவுக்குப் பங்காளியாகிவிடவும் இல்லை. அப்படிக் குற்றம் சாட்டினால் உலகில் எந்த வானொலியையும் யாரும் கேட்க முடியாது. என்றாலும் அவர் பெருமையாகக் காட்டுவது அந்த இடத்தின் பெயரைத்தான். அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னதைத் தேடிப் படிக்கும் கடமை அந்தப் பெருமையோடு சேர்ந்தே வருகிறது. ஆல்பத்தில் அட்டைக்குக் கீழே தேதியும் அலைவரிசையும் எழுதுகிறவர், மீனவர்கள் எதிர்த்ததையும் 2016இல் நிலையம் மூடப்பட்டதையும் சேர்த்து எழுத இரண்டு வரி போதும். ஆல்பத்தைப் புரட்டும் பிள்ளை அதைப் பார்த்து ஏன் என்று கேட்கும். பதில் சொல்ல அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும்.