பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

எனக்கு 46 வயது. சிற்றிலக்கிய வகுப்பில் உலா நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ஏழு பெயர்களை எழுதுகிறேன்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பக்கத்தில், பாட்டியல் நூல்கள் சொல்லும் வயது. பேதைக்கு 5 முதல் 7. மங்கைக்கு 12, 13. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. நூலுக்கு நூல் கணக்குச் சற்று மாறும். ஆனால் எட்டாவது பருவம் என்று ஒன்று உலாவில் கிடையாது. "நீங்க இதுல எதும்மா?" என்று ஒரு மாணவி கேட்டால் கைகாட்ட எனக்கு ஒரு பெயரில்லை.

ஏன் இல்லை என்பதற்கான விடை உலாவின் அமைப்பிலேயே இருக்கிறது. தலைவன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவத்துப் பெண்களும் வந்து, பார்த்து, மயங்குகிறார்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்குப் பாடிய மூவருலாவும் அப்படித்தான். அவனை விரும்பத் தக்க நிலையில் அவள் இருக்கிறாளா என்பதே இங்கே வயதின் அளவுகோல். ஆணுக்கும் பாட்டியல்கள் பருவம் வகுத்தன. அந்த வரிசை பாலனில் தொடங்கி முதுமகனில் முடிகிறது. அவனுக்கு முதுமையும் ஒரு பருவம். நமக்கு அது பட்டியலுக்கு வெளியே.

பட்டியல் கணக்கெடுத்தது 5 முதல் 40 வரை, 36 ஆண்டுகள். இன்று இந்தியப் பெண்ணின் சராசரி ஆயுள் 70ஐத் தாண்டிவிட்டது. பெயர் வைக்காமல் விட்ட காலம், பெயர் வைத்த காலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மாதவிடாய் நிற்பதும், நள்ளிரவில் வியர்த்து விழிப்பதும், பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போவதும், பெற்றவர்கள் நம் கையைப் பிடித்து நடப்பதும் இந்தப் பெயரில்லாத காலத்தில்தான்.

திருமணத்திலிருந்து தப்பிக்க ஔவை பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெற்றதாகக் கதை. காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுருவை வேண்டியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இருவருக்கும் ஊர் கடக்கவும் பாடவும் வழி திறந்தது. ஆனால் இருவரும் நடுவயதைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது. இளம்பெண்ணுக்கும் கிழவிக்கும் நடுவில் ஒருத்தி தன்போக்கில் வாழ்வதற்கு அந்தக் கதைகளில் இடமில்லை.

"இனி யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள், எவ்வளவு நிம்மதி" என்கிறார்கள் தோழிகள். அந்த நிம்மதி எனக்கும் தெரியும். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இரவு எட்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து டீ குடிக்க இப்போது கூச்சமில்லை. ஆனால் பார்வை விலகிய இடத்தில் சுமை வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் தலைச்சுமையும் பானைகளுமாக ஓர் ஆய்ச்சி நிற்கிறாள். அவள் வயதை என்னால் ஒருமுறையும் சொல்ல முடிந்ததில்லை, சுமைதான் தெரிகிறது. அந்தக் கடற்கரைக் குப்பங்களில் என் வயதுப் பெண்கள் விடியலில் மீனை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்துபோய் விற்கிறார்கள். 'என் வாழ்க்கை எங்கே போகிறது' என்று உட்கார்ந்து யோசிக்க அவர்களுக்கு அரைநாள் விடுப்பு கிடையாது. என் நிம்மதி என் சம்பளத்தின் மேல் நிற்கிறது.

பெண் சம்பளம் வாங்குவதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பக்கம் இதே செங்கல்பட்டில் எழுதப்பட்டது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இங்கே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, 16 வயதுக்கு மேல்தான் திருமணம், மணவிலக்கு உரிமை, தொடக்கப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் என்றெல்லாம் தீர்மானம் போட்டது. மங்கை, மடந்தை என்று வருணிக்கப்பட்ட வயதுகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்ட தீர்மானங்கள் அவை. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமானது. அந்தப் பந்தலில் நாற்பது வயதில் ஒருத்தி இருந்திருந்தால், அப்போது அவளுக்கு நூறு வயது. தனக்குக் கிடைக்காததற்காகவும் ஒருத்தி கை தூக்கலாம். மூவலூர் இராமாமிர்தம் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டது 1936இல், தன் ஐம்பதுகளில்.

அப்படியானால் எனக்கென்று நேரம் கேட்பது சுயநலமா? என் வீட்டில் இந்தக் கேள்வி மிகச் சிறிய உருவத்தில் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மாதம் இருமுறை மருத்துவமனை. இரண்டு தம்பிகளும் பாசமானவர்கள்தான். "அக்கா பாத்துக்கும்" என்பார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் யாரும் என்னைக் கேட்காமலே அந்த வேலை என் பெயரில் எழுதப்பட்டிருந்தது. மறுக்க இடமிருக்கும்போதுதான் செய்வது அன்பாகிறது. இடமில்லாதபோது அது வெறும் ஒதுக்கீடு. இந்த மாதம் முதல் ஒருமுறை நான், ஒருமுறை நீங்கள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சின்னவன் கேட்டான்: "எந்த டாக்டர்க்கா?"

எட்டாவது பருவத்துக்கு அழகான பெயர் ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயர் வந்தால் கூடவே வயது வரம்பும் வரும். எனக்கு இப்போது மாதத்தில் ஒரு காலைப்பொழுது கிடைத்திருக்கிறது. அதில் எழுதுவேன். கூடை சுமக்கிறவளுக்கும் இப்படியொரு காலைப்பொழுது வேண்டும் என்று கேட்பதற்கு மிச்சமிருக்கும் ஆண்டுகளை வைத்துக்கொள்கிறேன்.