காட்சியின் வாய்மை

பொய் கூறாமை என்னும் அறத்தை நாவுக்கு உரியதாகவே நாம் கருதி வந்திருக்கிறோம். இக்காலத்திலோ படப்பெட்டியும் பேசுகிறது. காதாற் கேட்டதை ஐயுறுவோர் பலர். கண்ணாற் கண்டதை ஐயுறுவோர் மிகச் சிலர். ஆதலால், காட்சிக்கும் வாய்மை உண்டா, உண்டெனில் அதனை அளக்கும் கோல் யாது என்பதை அறம் நாடுவோர் ஆராய்தல் வேண்டும். போர்க்காலத்தில் ஒருவரே எடுத்த இரண்டு படங்களின் வரலாறு இதற்குத் துணை செய்யும்.

அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜான் ஹஸ்டன் இரண்டாம் உலகப் போரின்போது படைத்துறை அதிகாரியாக இருந்து செய்திப்படங்கள் எடுத்தார். 1943 டிசம்பரில், இத்தாலியிலுள்ள சான் பியத்ரோ என்னும் சிற்றூரைக் கைப்பற்ற அமெரிக்கப் படை கடும்போர் புரிந்தது. ஊர் இடிந்து மண்மேடாயிற்று. அப்போரைப் பற்றி அவர் எடுத்த படம் 1945-இல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. குண்டு வெடிக்கிறது, படம் அதிர்கிறது, வீரர் சாய்கின்றனர். கண்டவர்கள் அனைத்தும் போரின் நடுவே எடுக்கப்பட்டவை என்றே நம்பினர். ஆனால், தாக்குதற் காட்சிகளிற் பெரும்பாலானவை போர் ஓய்ந்த பின்னர், வீரர்களை மீண்டும் நடிக்கச் செய்து எடுக்கப்பட்டவை எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். படத்தின் முடிவில் ஓர் அறிவிப்பு வருகிறது. தொடர்ச்சியின் பொருட்டுச் சில காட்சிகள் போருக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்டன என்பது அதன் கருத்து.

நடித்துக் காட்டியது குற்றமா? அன்று. கூத்தும் நாடகமும் நடிப்பே. அவற்றைப் பார்ப்பவன் ஏமாறுவதில்லை. மேலும், அப்படத்தில் உறைகளிலிட்டுக் கட்டப்படும் உடல்கள் மெய்யாகவே மாண்டவர்களின் உடல்கள். போரின் விலையை மறையாது காட்ட அவர் முயன்றதையும் மறுத்தல் ஆகாது. குற்றம் "சில" என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது. பல என்று கூற வேண்டிய இடத்தில் சில என்று கூறியதனால், பார்ப்பவன் வைத்த நம்பிக்கை அவன் அறியாமலே செலவிடப்பட்டது. நோக்கம் நல்லதாயினும் அக்கடன் தீராது.

இனி இரண்டாவது படத்தைக் காண்போம். 1945-இல், நியூயார்க் மாநிலத்து மேசன் பொது மருத்துவமனையில், போரால் மனம் நொந்த வீரர்களை ஹஸ்டன் படமெடுத்தார். பேச்சிழந்தவர், நடக்க இயலாதவர், தம் பெயரையும் மறந்தவர் அதில் வருகின்றனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே அமர்ந்து தம் துயரைக் கூறுகின்றனர். எக்காட்சியும் நடிக்கப்பட்டதன்று என்று படத்தின் தொடக்கமே அறிவிக்கிறது. "லெட் தேர் பி லைட்" எனப்பட்ட அப்படத்தைப் படைத்துறை தடுத்துவிட்டது. 1980 இறுதியிலேதான் தடை நீங்கியது. ஐம்புலனும் நம்பத்தக்க படம் முப்பத்து நான்கு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. நடித்த காட்சிகள் நிறைந்த படமோ ஊரெங்கும் ஓடியது!

நோயாளிகளின் மானம் காக்கவே தடுத்தோம் என்பது படைத்துறை கூறிய காரணம். இதனை எளிதிற் புறந்தள்ளலாகாது. அழுகின்ற ஒருவனுடைய முகம் அவனுக்கே உரியது. உலகின் நன்மைக்காயினும் அதனைப் பிறர் எடுத்தாளல் தகாது. ஆயின், 1948-இல் அதே பொருள் பற்றிப் படைத்துறை வேறொரு படம் எடுத்து வெளியிட்டது. அதில் நோயாளிகளுக்குப் பதிலாக நடிகர்கள் தோன்றினர். அவர்கள் அனைவரும் வெள்ளையர். நோயாளியின் முகத்தை மறைக்க நடிகர் போதும். கறுப்பரை மறைத்தது எவருடைய மானத்தைக் காக்க?

ஆகவே மறைத்தல் எல்லாம் கருணையும் அன்று. காட்டுதல் எல்லாம் வாய்மையும் அன்று. இது எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது பார்ப்பவனுக்கு ஒளியாது கூறப்பட்டதா? மறைக்கப்பட்டது துன்புற்றவனுக்காகவா, துன்பத்திற்குப் பொறுப்பானவனுக்காகவா? இவ்விரு வினாக்களே காட்சியின் வாய்மையை அளக்கும் கோல்.

அன்பர்களே, இன்று ஒவ்வொருவர் கையிலும் படப்பெட்டி இருக்கிறது. தொலைதூரப் போர்களின் காட்சிகள் நாள்தோறும் நம்மிடம் வருகின்றன. அவற்றை நம்பிப் பிறருக்கு அனுப்பும் கணத்தில் நாமும் பேசியவர்களாகிறோம். அப்பேச்சுக்கு நாமே பொறுப்பு. அனுப்புமுன் இவ்விரு வினாக்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.