அதே பெயர், வேறு எண்

என் புத்தகத்தின் புரூஃப் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பிரித்ததும் முதல் பக்கத்திலேயே 'நாகசேனன்' என்று நின்றது. பிப்ரவரியிலேயே அதை 'நாகசேனர்' ஆக்கியிருந்தேன். 31 வருஷம் அந்தப் பிக்குவின் பேரைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள், ஓய்வுபெற்ற பிறகாவது ஒரு 'ர்' போடலாமே என்று செய்த திருத்தம். பக்கங்களைப் புரட்டினேன். வெட்டி எறிந்த பத்திகள் எல்லாம் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. ஐந்து மாத வேலையில் ஒரு கால்புள்ளிகூடப் போய்ச் சேரவில்லை.

அச்சகத்துக்குப் போன் செய்தேன். "நீங்க அனுப்பின ஃபைலைத்தாம்மா போட்டிருக்கோம்" என்றார். அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நான் காஞ்சிபுரத்துக்காரி. அப்பாவுக்குத் தறி, எனக்குத் தத்துவம். மேசைமேல் இருப்பது டெபியன் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர், எழுதுவது ஈமேக்ஸில். அண்ணன் மகன் போட்டுக் கொடுத்தது. ஜன்னல், மெனு, கத்தரிக்கோல் படம் எல்லாம் உள்ள ஈமேக்ஸ்தான். கன்ட்ரோலோடு இரண்டு எழுத்தைச் சேர்த்து அழுத்தும் வித்தைகள் எனக்கு வரவில்லை. குனு ஈமேக்ஸை 1985இல் வெளியிட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன் மேடைகளில் அங்கி மாட்டிக்கொண்டு, பழைய ஹார்ட் டிஸ்க் தட்டைத் தலையில் ஒளிவட்டமாக வைத்துக்கொண்டு, 'ஈமேக்ஸ் சபை'யின் புனிதராக வேடிக்கை காட்டுவார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு வினையாகவே வந்து சேர்ந்தது.

என்னிடம் இரண்டு ஃபோல்டர்கள் உண்டு: 'எழுதுவது', 'அச்சுக்கு'. ஜனவரியில் ஊருக்கு வந்திருந்த அண்ணன் மகன், முதல் ஃபோல்டரில் இருக்கும் கோப்பு இரண்டாவது ஃபோல்டரிலும் தெரிகிற மாதிரி ஏதோ ஒரு வரி தட்டிவிட்டுப் போனான். "ரெண்டும் ஒண்ணுதான் அத்தை. இங்க மாத்தினா அங்கயும் மாறிடும்" என்றான். நான் 'எழுதுவது'க்குள் திருத்திக்கொண்டே இருந்தேன். அனுப்பியது 'அச்சுக்கு'விலிருந்து.

முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். சேமிக்காமல் மூடியிருப்பேனோ? சேமிக்காவிட்டால் ஜன்னலின் அடிவரியில் இரண்டு நட்சத்திரம் நிற்கும், நின்றதில்லை. அப்புறம் அமைப்புகளைச் சந்தேகப்பட்டேன். போனில் அண்ணன் மகன் சொன்னபடி, என் அமைப்புகள் எதையும் படிக்காத வெறும் ஈமேக்ஸைத் திறந்தேன். அதற்கு 'கோடு, பெரிய கியூ' என்று ஒரு வழி இருக்கிறது. பிறகு ஒரு சோதனைக் கோப்பை உண்டாக்கி, அவன் ஜனவரியில் தட்டிய அதே கட்டளையால் அதற்கு 'சோதனை2' என்று இன்னொரு பெயர் வைத்தேன்.

"இப்ப எல்எஸ், ஒரு கோடு, எல், ஐ போடுங்க அத்தை. முதல்ல வர்ற நம்பரைப் படிங்க."

இரண்டுக்கும் 1573204. பக்கத்தில் 2 என்று ஓர் எண்ணிக்கை.

"சரி. ஈமேக்ஸ்ல திறந்து ஒரு வார்த்தை அடிச்சு, சேமிச்சுட்டு மறுபடி பாருங்க."

'வணக்கம்' என்று அடித்துச் சேமித்தேன். மறுபடி பார்த்தால் மூன்று வரிகள். 'சோதனை'க்கு 1573311, எண்ணிக்கை 1. 'சோதனை2'க்குப் பழைய 1573204. அதே 1573204 இன்னொரு பெயரிலும் இருந்தது: 'சோதனை', வாலில் ஒரு நெளிகோடு. கோளாறு ஒன்றுமில்லை. ஈமேக்ஸின் சுபாவமே அதுதான்.

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கோப்புக்குப் பெயர் கிடையாது. அதற்கு இருப்பது ஐநோடு என்கிற ஒரு பதிவும் அதன் எண்ணும்தான். உடைமையாளர் யார், எவ்வளவு பெரிது, எப்போது மாறியது, எழுத்துகள் டிஸ்கில் எங்கே கிடக்கின்றன, எல்லாம் அந்தப் பதிவில் உண்டு. பெயர் மட்டும் இல்லை. பெயர் இருப்பது ஃபோல்டரில், இந்தப் பெயர் இந்த எண் என்று ஒரு வரியாக. ஓர் எண்ணுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம். எத்தனை பெயர்கள் தன்னைப் பற்றியிருக்கின்றன என்ற கணக்கை மட்டும் ஐநோடு வைத்துக்கொள்கிறது. அவை எவை என்று அதற்குத் தெரியாது. கோப்பை அழிப்பதற்கான அடிப்படைக் கட்டளையின் பெயர்கூட அழித்தல் அல்ல, 'அன்லிங்க்'. பற்றறுத்தல் என்பேன். கடைசிப் பெயரும் போய், திறந்து வைத்திருக்கும் நிரலும் கைவிட்ட பிறகுதான் இடம் காலியாகிறது.

மணிமேகலைக்கு அறவண அடிகள் தர்மம் சொன்னது எங்கள் ஊரில்தான். பிறவிச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளில் அருவுரு ஒன்று, பற்று ஒன்று. வடமொழியில் நாமரூபம் என்பதைத்தான் அங்கே அருவுரு என்கிறார்கள். எத்தனையோ வருஷம் கரும்பலகையில் அந்தப் பன்னிரண்டையும் வட்டமாக எழுதிப் போட்டிருக்கிறேன். நாமம் வேறு, ரூபம் வேறு, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் போகக்கூடும் என்று கண்ணால் பார்த்தது அந்தச் சோதனைக் கோப்பில்தான்.

ஈமேக்ஸ் ஏன் அப்படிச் செய்கிறது என்று தேடிப் படித்தேன். அதன் கையேட்டில் 'நகலெடுப்பதா, பெயர் மாற்றுவதா' என்று ஒரு பகுதியே இருக்கிறது. திறந்த கோப்பை முதன்முறை சேமிக்கும்போது பழையதைக் காப்பாற்றி வைக்க வேண்டும். நகலெடுத்து ஒதுக்கிவிட்டு அசலின்மேலேயே எழுதலாம். அப்போது உடல் அதேதான், ஆனால் எழுதும் நடுவில் கரண்ட் போனால் அசல் பாதியில் அறுந்து நிற்கும். அல்லது அசலுக்கு நெளிகோட்டுப் பெயர் கொடுத்து நகர்த்திவிட்டு, பழைய பெயரில் புதிய கோப்பை எழுதலாம். இதில் நகலெடுக்கிற வேலையே இல்லை, பழையது கைபடாமல் முழுசாக இருக்கும். ஆனால் அந்த உடலைப் பற்றியிருந்த மற்றப் பெயர்கள் எல்லாம் பழையதோடேயே போய்விடும். நாமாகச் சொல்லாதவரை ஈமேக்ஸ் இரண்டாவது வழியில்தான் போகும். மறுநாள் திறந்து சேமித்தால் நெளிகோட்டுப் பெயரும் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அதனால்தான் என் நிஜக் கோப்பில் தடயமே இல்லை. 'அச்சுக்கு'வில் இருந்தது எண்ணிக்கை 1 என்று தனியாக, ஜனவரியிலேயே நின்றுவிட்டிருந்தது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வரதர் நினைவு வந்தார்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு எது அசல் என்ற கேள்வி வராமல் இருக்க முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் அத்திமரத்து வரதர் இருக்கிறார். முன்னொரு காலத்தில் கருவறையில் நின்றவர் அவரே என்கிறது மரபு. படையெடுப்புக்குப் பயந்து ஒளித்து வைத்தார்கள், பின்னால் கிடைக்கவில்லை, பழைய சீவரத்திலிருந்து கல் திருமேனி கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று ஒரு கதை. வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் இன்று வரதர் என்ற பெயரும் தளிகையும் தினப்படி பூஜையும் கல்லுக்கு. மரம் தண்ணீருக்குள், நெளிகோட்டோடு. நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துத் தரிசனம் தருகிறார்கள்.

1979இல் ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு 19 வயது, தத்துவம் எடுத்துப் படிக்க ஆரம்பித்திருந்த திமிர். வரிசையில் நிற்கும்போதே கேட்டேன்: "இவருதான் நிஜ வரதர்னா, உள்ள நிக்கறது யாரு ஆயா?" ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டும் அவருதான் போ. உனக்கெதுக்குக் கணக்குப்பிள்ளை வேலை?"

2019இல் தனியாகப் போனேன். 48 நாள், லட்சக்கணக்கில் ஜனம். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். நான் பார்த்தது கிடந்த கோலத்தில். முன்னால் நின்ற பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாரு, இதுதான் ஒரிஜினல் சாமி" என்றாள். ஒரிஜினல்! தினமும் உள்ளே போய்க் கும்பிடுகிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பெயரைப் பற்றியவர்கள். அந்தப் பெண் எண்ணைப் பற்றியவள்.

புரியில் இதையே முறையாகச் செய்கிறார்கள். நவகளேபரம் வரும்போது புது வேப்பமரத்தில் ஜகந்நாதரைச் செதுக்கி, பழைய திருமேனிக்குள் இருக்கும் பிரம்மப் பொருளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதைக் கோயில் வளாகத்திலேயே புதைக்கிறார்கள். கடைசியாக நடந்தது 2015இல். அது பெயர் மாற்றும் வழி. நம் ஊர்த் திருப்பணியில் பாலாலயம் செய்வது மற்ற வழி: சாந்நித்தியத்தைத் தாற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, பழைய இடத்திலேயே வேலை பார்த்து, கும்பாபிஷேகத்தன்று திரும்ப அழைப்பது. மென்பொருள் எழுதியவர்களுக்கு முன்பே அர்ச்சகர்களுக்கு இந்த இரண்டு வழியும் தெரிந்திருக்கிறது. எது மேல் என்று அவர்களும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

நான் வகுப்பில் நடத்திய பௌத்த நூலில் மிலிந்த மன்னர் நாகசேனரிடம் கேட்பதும் இதுதான்: மறுபடி பிறக்கிறவன் அதே ஆளா, வேறா? இரவு முழுக்க எரியும் விளக்கைக் காட்டுகிறார் பிக்கு. முதல் ஜாமத்துச் சுடரும் கடைசி ஜாமத்துச் சுடரும் அதேயும் அல்ல, வேறும் அல்ல. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஏதோ நழுவுகிற மாதிரி இருக்கும். அவர் எங்கள் வீட்டுத் தறியைப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார். பாவு தீரும்போது அப்பா அதை முழுக்க நெய்துவிட மாட்டார். நுனியைக் கொஞ்சம் மிச்சம் வைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு திரித்துப் பிணைப்பார்கள். விழுதிலும் அச்சிலும் மறுபடி கோக்க வேண்டாம். பழைய இழையே புதிய இழையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். தறியில் ஒரு கணம்கூட வெறுமை இல்லை, ஆனால் ஒரு இழைகூடப் பழையது இல்லை.

இதற்கு மறுப்பும் தமிழில்தான் பலமாக இருக்கிறது. நீலகேசி எழுதிய சமணர் பௌத்தர்களை விடாமல் துரத்துகிறார். எல்லாம் கணத்துக்குக் கணம் மாறுகிறதென்றால், செய்தவன் ஒருவன், அனுபவிக்கிறவன் இன்னொருவனா? எனக்கு அந்த வாதம் அன்றைக்கு ரூபாயில் வந்தது. இரண்டாவது புரூஃபுக்குத் தனிக் கட்டணம் என்றார் அச்சகத்தார். ஜனவரியில் எழுதியவளும் ஜூனில் எழுதியவளும் வேறு வேறு ஆள் என்றால் பணம் தரவேண்டியவள் யார்? மிலிந்தருக்கு இதே சந்தேகம் வந்தபோது நாகசேனர் மாங்காய்த் திருடனைச் சொல்கிறார்: நீ நட்டது விதை, நான் பறித்தது வேறு பழம் என்று திருடன் வாதாடினால் விடுவாயா? விடமாட்டேன் என்கிறார் அரசர். நானும் பணத்தைக் கட்டினேன்.

கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. 'அதேயா, வேறா' என்பதைப் பொருளைக் குடைந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். குடைந்து பார்க்க இப்போது கருவியே இருக்கிறது. அது கூசாமல் சொல்லிவிடுகிறது: 1573311, 1573204. வேறு. அந்த விடையை வைத்துக்கொண்டு அச்சகத்தாரிடம் ஒன்றும் செய்ய முடியாது. வரதர் கோயில் வாசலிலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்று என்பது வெளியிலிருந்து பற்றியிருப்பவர்கள் கேட்கிற உரிமை. அச்சகத்தார் பாக்கிக்காக என் பெயரைப் பிடித்திருக்கிறார். அந்த உரிமை செல்லும். நாகசேனரும் திருடனைத் தண்டிக்கும் இடத்தில் சுடரை விட்டுவிட்டு மாங்காய்க்குத்தான் தாவினார். முன்பெல்லாம் அதை நழுவல் என்று மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். பாவம்.

ஆயா சொன்ன 'ரெண்டும் அவருதான்' அறியாமை என்று நாற்பது வருஷம் நினைத்திருந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐநோடுக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும். பெயர்கள் இருப்பது ஆயா மாதிரியானவர்களிடம்.

கோளாறுக்குத் தீர்வு ஒரே வரி. 'பேக்கப் பை காப்பியிங் வென் லிங்க்ட்' என்ற அமைப்பை 'ஆம்' என்று வைத்தால், ஒன்றுக்கு மேற்பட்ட பெயருள்ள கோப்பு என்றால் ஈமேக்ஸ் நகலெடுத்துவிட்டு அசலிலேயே எழுதும். உடலைப் பற்றாமல் பெயரையே பற்றுகிற இன்னொரு வகை இணைப்பும் உண்டாம். அதைப் போட்டிருந்தால் ஜனவரியிலேயே பிரச்சினை வந்திருக்காது என்று அண்ணன் மகன் ஒப்புக்கொண்டான். இரண்டையும் செய்துவிட்டு, சோதனைக் கோப்பில் இன்னொரு 'வணக்கம்' அடித்துப் பார்த்தோம். இரண்டு பெயரிலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருத்திய பிரதியை அனுப்புமுன், ஜனவரிப் பிரதியை ஒரு முறை வாசித்தேன். நாகசேனனை அவள் என்ன திட்டு திட்டியிருக்கிறாள்! மாங்காய் பற்றிய பத்தியில் 'வாதத்தில் தோற்றவன் கதை சொல்லித் தப்பிக்கிறான்' என்று ஒரு வாக்கியம். ஜூனில் அதை வெட்டியிருந்தேன். நியாயமான வெட்டுதான். ஆனால் அந்த வேகம் எனக்கு இப்போது வராது.

"அத்தை, அந்தப் பழைய ஃபைலை அழிச்சிடட்டுமா? மறுபடி தப்பா அனுப்பிடுவீங்க" என்றான் போனில்.

"வேணாம்டா. இருக்கட்டும், பேரை மட்டும் மாத்து."

"என்ன பேர்?"

"அத்தி."