மெதுவாய்ச் சுழலும் சக்கரம்

ஒருவர் தம் கடமையில் பின்தங்கும்போது அவரைக் குற்றவாளி என்று கருத நமக்கு எப்போது உரிமை உண்டாகிறது? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் இக்கேள்விக்கு நாம் பக்கம் பக்கமாக விடை எழுதினோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அதன் பொருள் விளங்கியதோ பல ஆண்டுகள் கழித்து, மதுரைக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரைப் பங்கில் பணியாற்றியபோது. விளக்கியது ஒரு பழைய தையல் இயந்திரம்.

அந்த இயந்திரத்தை முதலில் அறிமுகம் செய்துவிடுவோம். வளைந்த மரமூடியும் கைப்பிடியும் கொண்ட சிங்கர் 99கே. 'கே' என்னும் எழுத்து, ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். 1980-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. முழு அளவு இயந்திரத்தில் முக்கால் அளவே உடையது இது. கையில் எடுத்துச் செல்லத்தக்கது என்று இதை விற்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் இந்த வார்ப்பிரும்பைத் தூக்கிக்கொண்டு நம் ஊர்ப் பேருந்தில் ஏறியவர்கள் அல்லர். பின்புறத்தில் சிறிய மின்மோட்டார் ஒன்று. அதிலிருந்து கைச்சக்கரத்திற்கு ஒரு பெல்ட். தரையில் காலால் அழுத்தும் பெடல். அயல்நாட்டிலிருந்து வந்து பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் விட்டுச்சென்ற இது, பங்கு இல்லத்தின் பண்டக அறையில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது.

கணவரை இழந்து இரு பிள்ளைகளோடு தவித்த ஒரு தாய்க்கு அதைக் கொடுப்பதென்று பங்குப்பேரவையில் முடிவாயிற்று. கொடுக்கும் நாளில் சக்கரம் சற்று இறுக்கமாய் இருந்தது. "எண்ணெய் கொண்டுவாருங்கள்" என்றோம். சமையற்கட்டிலிருந்து நல்லெண்ணெய் வந்தது. துளைதோறும் தாராளமாக விட்டோம். சக்கரமும் இணக்கமாய்ச் சுழன்றது. "இறுகினால் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள்" என்று அறிவுரையும் சொன்னோம். கூடியிருந்தோர் கைதட்டினர்.

ஓராண்டு கழிந்தது. புதுநன்மை பெறவிருந்த பிள்ளைகளுக்கு நாற்பது வெள்ளை உடைகளைத் தைக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தோம். ஆறு வாரக் கெடு. கெடு முடிந்தபோது ஆயத்தமாயிருந்தவை இருபத்து மூன்று. ஞாயிறு திருப்பலி முடிந்து, ஆலய முற்றத்தில், நாலுபேர் கேட்க நாம் பேசிய சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. உழைப்பைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் அவற்றில் நிறையவே இருந்தன. "மன்னிச்சிருங்க சாமி" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் பேசவில்லை. எஞ்சிய பதினேழையும் நகரத்துக் கடையில் கூலி கொடுத்துத் தைத்து வாங்கினோம்.

அவர் அண்டை வீட்டுக்காரர் ஒருவர்தாம் பிறகு வந்து, "சாமி, அந்த மிசினு ராத்திரியெல்லாம் மொனகுது, ஓட மாட்டேங்குது" என்றார். மோட்டார் பழுதாகியிருக்கும், புதியது வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று எண்ணி, இயந்திரத்தை மதுரைக்கு எடுத்துச் சென்றோம்.

திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கிடையே தையற்காரர்கள் வரிசையாய் அமர்ந்து தைத்த காட்சியை நம் தலைமுறையினர் மறக்கமாட்டார்கள். அக்கடைகள் இன்று குன்னத்தூர் சத்திரத்திற்கு இடம் மாறிவிட்டன. அந்தத் தையற்காரர்களின் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே முதுமை எய்திய பெரியவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். மோட்டார் கெட்டுவிட்டது என்று நாமே தீர்ப்பும் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு பெடலை அழுத்தினார். மோட்டார் தனியே தடையின்றிச் சீறிச் சுழன்றது. அடுத்துக் கைச்சக்கரத்தை இரண்டு விரலால் சுழற்றிப் பார்த்தார். அது அசையவே அடம்பிடித்தது. "மோட்டார் நல்லாத்தான் இருக்கு சாமி. அது இழுக்குது, இதுதான் வரமாட்டேங்குது" என்றார்.

இவ்வளவு எளிய சோதனை நமக்குத் தோன்றவில்லை. வேகம் குறைந்தவுடன் பெடலை இன்னும் அழுத்துவதுதான் எல்லாருக்கும் தோன்றும் வழி. சுமை மிகுந்து திணறும் மோட்டாரை அப்படி நெடுநேரம் அழுத்தினால் அது சூடேறிக் கருகும் என்றார் பெரியவர். வேகம் குறைவதற்குரிய மற்றக் காரணங்களையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் மோட்டார் தண்டு பிடித்துக்கொள்ளுமாம். பாபினில் நூல் சுற்றும் சிறு உருளை சக்கரத்தில் உரசிக்கொண்டே இருந்தாலும் வேகம் போகும். மோட்டாருக்குள் உள்ள கார்பன் துண்டுகள் தேய்ந்தால் ஓட்டம் விட்டுவிட்டு வரும். பெடலுக்குள் அடுக்கியிருக்கும் கார்பன் வில்லைகள் கெட்டாலோ நேர்மாறான நோய்: மெல்லத் தொடங்காமல் ஒரே பாய்ச்சலில் முழு வேகம் எடுக்கும், சிலவேளை காலை எடுத்த பின்பும் ஓடும். (மறையுரை நிகழ்த்தும்போது நமக்கே உள்ள நோய் இதுவென்று பங்கு மக்கள் சொல்லக்கூடும்.) இவை எவையும் நம் இயந்திரத்தில் இல்லை.

தலைப்பகுதியைச் சாய்த்து அடிப்புறத்தைக் காட்டினார். மூட்டுகளிலெல்லாம் பழுப்பு நிறத்தில் பிசின்போல் ஏதோ இறுகியிருந்தது. பாபினின் கீழே பஞ்சுத் துகள் அதனோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்து, "நல்லெண்ணெய்" என்றார்.

சமையல் எண்ணெய் தாவரத்திலிருந்து வருவது. காற்றுப்பட நாளடைவில் தடித்துப் பிசினாகும் தன்மை அதற்கு உண்டு. இயந்திர எண்ணெய் கனிம எண்ணெயாதலால் அவ்வாறு இறுகுவதில்லை. விட்ட அன்று இரண்டும் ஒன்றுபோலவே வழுக்கும். வேறுபாடு மாதங்கள் கழித்தே தெரியும். பெரியவர் மோட்டாரைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, மூட்டு மூட்டாக மண்ணெண்ணெய் சொட்டி, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, வழிந்த பழுப்பைத் துணியால் துடைத்து, மறுபடியும் சொட்டினார். இரண்டு நாள் இது நடந்தது. அவசரப்பட்டு முறுக்கினால் உள்ளே பல் உடையும் என்பதால் முதல் நாள் முழுவதும் சக்கரம் கால் சுற்று மட்டுமே நகர்ந்தது. நாம் கடிகாரத்தைப் பார்த்ததைக் கண்டு, "ஒரு வருசமா எறுகுனது சாமி" என்று மட்டும் சொன்னார்.

அங்கே காத்திருந்த வேளையில்தான் குருமடத்துப் பாடம் நினைவுக்கு வந்தது. தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்று சோம்பல் என்கிறோம். புனித தோமா அக்குவினா அச்சொல்லை ஆய்ந்தபோது, கை மெதுவாய் அசைவதை அவர் பாவம் எனவில்லை. இறைவனுக்குரிய நன்மையைக் கண்டு உள்ளம் சலித்துத் துயருறுவதையே அவ்வாறு அழைத்தார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1735-ஆம் எண்ணில், அறியாமை, அச்சம், பழக்கம், வற்புறுத்தல் முதலியவை ஒரு செயலுக்குரிய பொறுப்பைக் குறைக்கவும் அறவே நீக்கவும் கூடும் என்று கற்பிக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதை நாம் மறப்பதில்லை. ஆலய முற்றத்தில்தான் மறந்துபோகிறோம். தொட்டியில் நாம் கேட்கிறோம், முற்றத்தில் பேசுகிறோம் என்பது காரணமாக இருக்கலாம்.

விரைவு வேண்டும் என்பது தவறன்று. இயந்திரங்களின் ஆதிக்கத்தை எதிர்த்த காந்தியடிகளே தையல் இயந்திரத்திற்கு விலக்கு அளித்தார். மேலாடை துறந்து அரையாடை புனையும் முடிவை 1921 செப்டம்பரில் நம் மதுரை மேலமாசி வீதியில் எடுத்தவர், 1924-இல் இளைஞர் இராமச்சந்திரன் தொடுத்த வினாவிற்கு விடையளிக்கையில், மனைவி ஊசியோடு படும் பாட்டைக் காணப்பொறாத அன்பினாலேயே சிங்கர் இதைப் படைத்தார் என்று பாராட்டினார். (அந்த இராமச்சந்திரனே பின்னாளில் சௌந்தரம் அம்மையாருடன் இணைந்து நம் சமவெளியின் வடகோடியில் காந்திகிராமத்தை நிறுவியவர்.) சிங்கரின் இல்லற வாழ்வு உண்மையில் அப்படியொன்றும் முன்மாதிரியானதன்று, எனினும் காந்தியடிகள் தேடிய அளவுகோலை நாம் மறுப்பதற்கில்லை. ஒருத்தியின் சுமையைக் குறைக்கவே நாமும் அந்த இயந்திரத்தைக் கொடுத்தோம். நாற்பது உடைகளும் ஆறு வாரமும் என்றானபோது அதே இயந்திரம் நம் கையில் அவரை அளக்கும் கோலாகிவிட்டது.

ஆயினும் ஒன்று நம்மை உறுத்தியது. இயந்திரம் ஓடவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் நாட்டுப் பழமொழி. கடையில் வாங்கிய பொருளானால் அவர் சண்டையே போட்டிருப்பார். கோவில் கொடுத்தது, சாமி கையால் கொடுத்தது, ஊர் கைதட்டியது என்பதால் வாய் அடைத்துப்போயிற்று. நம் கொடையைக் குறைகூற வழியில்லாதபடி கொடுத்துவிட்டு, பெற்றவரின் மௌனத்தைத் திமிர் என்றும் நன்றிகேடு என்றும் நாம் படித்தோம்.

இயந்திரத்தோடு ஒரு புட்டி மெஷின் எண்ணெயும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றோம். முற்றத்தில் கேட்டவர்களுள் இருவரையும் அழைத்துச் சென்றிருந்தோம். அவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு அது கூச்சமாகவே இருந்தது; எழுந்து காப்பி போடப் போய்விட்டார். திரும்பி வந்து விரலால் சக்கரத்தைத் தொட்டார். அது தானே சுழன்று போயிற்று. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதில் என்ன கோளாறு என்று கேட்டார். நல்லெண்ணெய் இறுகிவிட்டது என்றோம்.

"அப்படியா சாமி? எறுகுதேன்னு நீங்க சொன்ன மாதிரியே தினமும் ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.