தனக்குத் தானே நடுவர்

பெரும்பாலான விளையாட்டுகளில் நம்மைக் கண்காணிக்க ஒரு நடுவர் நிற்கிறார். கோல்ஃப் ஆட்டமோ பெரும்பாலும் நடுவரின்றியே நடைபெறுகிறது. நண்பர்கள் சிலர் வார இறுதியில் வெளியூர் சென்று தங்கி, சிறியதொரு கோப்பைக்காகத் தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவருடைய பந்து புதரோரம் சென்று விழுகிறது. அங்கே அவரும் பந்தும் மட்டுமே. அடிக்க முனைந்தபோது தம்மால் பந்து சற்றே நகர்ந்ததா, இல்லையா? நகர்ந்திருந்தால் தண்டனையாக ஓர் அடி கூடும். அதை அவரே சொல்ல வேண்டும்.

இவ்வாட்டத்தில் 'ஹேண்டிகேப்' என்றோர் எண்ணும் உண்டு. தேர்ந்தவரோடு பழகுநரும் சமமாக ஆடும்பொருட்டு, திறன் குறைந்தவருடைய கணக்கிலிருந்து சில அடிகள் கழிக்கப்படுகின்றன. எளியவரைத் தாங்கும் அழகிய ஏற்பாடு இது! ஆயினும், ஒருவர் தாம் நன்கு ஆடிய நாள்களை மறைத்துவிட்டால், எளியவருக்கென அமைந்த சலுகையை வல்லவரே கவர்ந்துகொள்ளலாம். இரக்கமும்கூட உண்மையின் மீதுதான் நிற்கிறது.

"நண்பர்களுக்குள் ஆடுவதுதானே! ஓர் அடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன?" என்று நாம் கேட்கலாம். பரிசு சிறியது என்பது மெய்யே. ஆனால் அங்கே பணயமாக வைக்கப்படுவது பரிசன்று. நம்மைச் சோதிக்க நினையாத நண்பரின் நம்பிக்கை.

1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில், ஊதியம் பெறாது ஆடிய பாபி ஜோன்ஸ், புல்லிடையே தம் பந்து அசைந்ததென்று தாமே அறிவித்தார். வேறெவரும் அதைக் காணவில்லை. இருப்பினும் ஓர் அடியைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டார். இறுதியில் வில்லி மக்ஃபார்லேனுடன் சமநிலையில் நின்று, வெற்றியாளரை முடிவுசெய்யும் மறு ஆட்டத்தில் தோற்றார். தம்மைப் பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையிடாதவனைப் புகழ்வதுண்டோ என்ற பொருள்பட அவர் விடையளித்ததாகக் கூறுவர்.

1969ஆம் ஆண்டு ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், கடைசிக் குழி. இங்கிலாந்தின் டோனி ஜாக்லின் குறுகிய தூரத்திலிருந்து பந்தைக் குழியில் இட வேண்டும். அவர் தவறினால் அமெரிக்க அணிக்கே முழு வெற்றி. ஆனால் ஜாக் நிக்லாஸ், அவரை அடிக்கவிடாமலேயே, அவர் குழியை முடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். மொத்தக் கணக்கு 16–16 எனச் சமமாயிற்று.

ஒருவர் தமக்குக் கண்டிப்புக் காட்டினார். மற்றவர் எதிராளிக்குத் தாராளம் காட்டினார். நிக்லாஸ் செய்ததும் கணக்கை மாற்றுவதுதானே என்று ஐயுறலாமா? இல்லை. அவ்வகை ஆட்டத்தின் விதிகள் அதற்கு இடந்தருகின்றன. அவரும் அனைவர் கண்முன்னே, தமக்குரிய வாய்ப்பையே விட்டுக்கொடுத்தார். ஓர் அடியை மறைப்பவரோ, பிறருக்குரியதை இருளில் எடுத்துக்கொள்கிறார். தன்னுடையதைக் கொடுப்பது கனிவு; பிறருடையதைத் தனக்கே கொடுத்துக்கொள்வதைக் கனிவென்று அழைக்க இயலாது.

நாமோ பல வேளைகளில் இம்முறையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். நம் பிழைக்கு ஆயிரம் விளக்கம் தேடுகிறோம். அயலாரின் பிழையை விரல் விட்டு எண்ணுகிறோம். வீட்டுக் கணக்கிலும் அலுவலகப் பொறுப்பிலும் நம்மை எவரும் காணாத புதரோரங்கள் பல உண்டு. அங்கே நம் மனச்சான்று சொல்லும் எண்ணையே ஊரறியவும் சொல்லுகிறோமா?